'மிஸ்' என்னும் சிறு சொல்லும் அதன் போர்த்துக்கீசியப் பெயர்ப்பும்

கவிஞர்களும் சுவைஞர்களும் கூடியுள்ள அவையில் அயல்மொழிச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசுவது புதிதன்று. ஆயினும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது காப்பியத்திலோ தத்துவ நூலிலோ தேடிக் கண்டெடுக்க வேண்டிய அருஞ்சொல் அன்று. ஆங்கிலம் அறிந்தார் அறியாதார் அனைவர் நாவிலும் புழங்கும் 'மிஸ்' என்னும் ஓரசைச் சொல்லே அது. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையை விளிக்கும் 'மிஸ்' வேறு. அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் குறுக்கம். இங்குக் கருதப்படுவது வினைச்சொல். பேருந்தைத் தவறவிட்டவர் 'மிஸ்' ஆகிவிட்டது என்கிறார். திருமணமாகித் தொலைவிலுள்ள மகளை நினைந்து வாடும் தாயும் இன்று அதே சொல்லைத்தான் எடுக்கிறார். பேருந்துக்கும் மகளுக்கும் ஒரே வினை எவ்வாறு பொருந்திற்று என்று எவரும் வியப்பதில்லை. அச்சொல்லை வேறொரு மொழிக்குள் கொண்டுசெல்ல முயல்பவருக்கே அந்த வியப்பு வருகிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் குறி தவறுதலையே குறித்தது. எறிந்தது இலக்கில் படவில்லை என்பதே அதன் முதற்பொருள். அங்கிருந்து, சந்திக்க வேண்டியவரைச் சந்திக்காமற் போதல், பெற வேண்டியதைப் பெறாமற் போதல், இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்று உணர்தல் எனப் படிப்படியாகப் பொருள் விரிந்தது. இல்லாமையை உணர்ந்து வருந்துதல் என்னும் பொருள் பிற்பட்டே வந்து சேர்ந்தது. கைக்கு எட்டாமற் போன அம்பும் கண்ணுக்கு எட்டாமற் போன ஆளும் ஆங்கிலேயனுக்கு ஒரே வினைக்குள் அடங்கின. இப்பொருள் வளர்ச்சியில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கிலம் பேசுவோர் அதை உணர்வதில்லை, அவ்வளவே.

போர்த்துக்கீசியத்தில் இந்த ஒரு வினை சிதறிப்போகிறது. தொடர்வண்டியைத் தவறவிட்டால் 'பெர்தெர்' என்னும் வினை வரும். இழத்தல் என்பதற்கும் அதுவே சொல். குறி தவறினால் 'எர்ரார்'. வகுப்புக்குச் செல்லாவிட்டால் 'ஃபால்தார்'. படிக்கும்போது ஒரு வரியைத் தாண்டிச் சென்றுவிட்டால் தாவுதலைக் குறிக்கும் வினை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால், பொத்தானே எழுவாயாகி, 'ஒரு பொத்தான் குறைகிறது' என்று வாக்கியம் அமையும். ஆள் காணாமற் போனால் 'தெசாபரெசீதோ' என்னும் முற்றிலும் வேறான சொல். பிரிந்தவரை நினைந்து வருந்துவதாயின் அப்போதுதான் 'சவுதாத்' வருகிறது. பிரேசில் நாட்டார் இதனைச் 'சவுதாஜி' என ஒலிப்பர்.

இவற்றுள் பெரும்பாலானவை மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை தருவன அல்ல. சூழல் தெரிந்தால் சொல் தெரிந்துவிடும். நல்ல அகராதி போதும். தொல்லை கடைசி இரண்டில் இருக்கிறது. கவிதை தொடங்குவதும் அங்கேதான்.

ஒருவரின் பிரிவை உணர்தற்குப் போர்த்துக்கீசியத்தில் மூன்று வழிகளேனும் உண்டு. இன்மையை உணர்கிறேன் என்பது ஒன்று. இது சற்று வறண்ட வழி. வீட்டில் பழகிய நாற்காலி இல்லாமற் போனாலும் இவ்வாறே சொல்லலாம். இரண்டாவது வழியில் வாக்கியம் தலைகீழாகிறது. பிரிந்து சென்றவரே எழுவாய். இருப்பவர் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். 'நீ எனக்கு இன்மையைச் செய்கிறாய்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். இல்லாதவர் செயல்படுகிறார், இருப்பவர் அச்செயலைத் தாங்குகிறார். இனேஸ் பெத்ரோசா என்னும் போர்த்துகல் எழுத்தாளர் 2002இல் வெளியிட்ட புதினத்துக்கு இத்தொடரையே தலைப்பாக்கினார். இறந்த பெண்ணும் உயிரோடிருக்கும் ஆணும் மாறி மாறிப் பேசும் அந்நூலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வாய்க்காது. ஆங்கிலத்தில் 'மிஸ்' என்னும் வினையைப் போட்டால் இந்தத் தலைகீழ் மறைந்து, இருப்பவரே மீண்டும் எழுவாயாகிவிடுவார்.

மூன்றாவது வழி சவுதாத். அது வினையன்று, பெயர். ஆகவே அதைச் செய்ய இயலாது, வைத்திருக்கத்தான் இயலும். போர்த்துகலில் 'உன் சவுதாதுகள் என்னிடம் உள்ளன' என்று பன்மையிலும் கூறுவர். பிரேசிலில் 'சவுதாதோடு இருக்கிறேன்' என்பது பெருவழக்கு. காய்ச்சலோடும் பசியோடும் இருப்பதைச் சொல்லும் அதே வாய்பாடு. நெடுநாள் கழித்துச் சந்தித்தால் 'சவுதாதைக் கொன்றோம்' என்பர். சந்திக்காவிட்டால் சவுதாதால் சாவர். இறந்தவர் சவுதாதை விட்டுச் செல்வார். ஒரு பூவுக்கும் இப்பெயர் உண்டு. கொல்லப்படுவதும் கொல்லுவதுமாகிய ஒரு பெயர்ச்சொல்லை வைத்திருக்கும் மொழிக்குள் ஆங்கிலத்தின் எளிய வினை நுழையும்போது, எடை கூடுவதைத் தவிர்க்க முடியாது.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. தனிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதன் வேர். பழைய வடிவம் 'சொய்தாத்'. உடல்நலம், வாழ்த்து என்னும் பொருளுடைய சொற்களின் ஒலிச்சாயல் படிந்து இன்றைய வடிவம் அமைந்தது என்பர். கடலோடிகளின் மனைவியர் கரையில் நின்று கலங்கியதால் பிறந்த சொல் இது என்று சுற்றுலா நூல்கள் திரும்பத் திரும்ப எழுதும். காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. போர்த்துக்கீசியரின் கடல்கடந்த படையெடுப்பு 1415இல் செயூத்தா நகரைக் கைப்பற்றியதிலிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு. 1279 முதல் 1325 வரை ஆண்ட தினிஸ் மன்னர், தாமே கவிஞராகலின், தம் காதற்பாடல் ஒன்றிலேயே இச்சொல்லை ஆண்டுவிட்டார். அரசவைக் காதலனின் வாயில் பிறந்த சொல் பின்னரே கப்பலேறிற்று.

எனினும், கடலுக்கும் பிரிவுக்கும் அம்மொழிக் கவிதையில் தொடர்பே இல்லை என்று கூறிவிடவும் கூடாது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் கலீசிய-போர்த்துக்கீசியத்தில் 'நண்பன் பாடல்கள்' என்றொரு வகை இருந்தது. ஆண் கவிஞர் பெண்ணின் குரலில் பாடுவர். மார்த்தின் கோதாக்ஸ் என்பவர் பாடியவை ஏழு கிடைத்துள்ளன. அவற்றுள் பெண் வீகோ என்னும் கடற்கரையூரில் நின்று தலைவனைத் தேடுகிறாள். நெய்தல் திணையின் இரங்கலை அறிந்த தமிழாசிரியர் எவரும் இப்பாடல்களைக் காணும்போது அயலூரில் உறவினர் முகத்தைக் கண்டதுபோல் ஒரு கணம் நின்றுவிடுவர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று கூறுவது பிழை. பெண் கரையில் நிற்கிறாள், ஆண் கவிஞர் எழுதுகிறார் என்னும் ஏற்பாடு இரண்டிடத்திலும் இருப்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

சவுதாத் மொழிபெயர்க்க இயலாத சொல் என்னும் பெருமிதம் பழமையானது. பதினைந்தாம் நூற்றாண்டில் துவார்த்தே மன்னர் 'லெயால் கொன்செல்யெய்ரோ' என்னும் தம் அறவுரை நூலில் துயரத்தின் வகைகளைப் பிரித்துக் காட்டியபோதே, இதற்கு ஒப்பான பெயர் இலத்தீனிலோ தாம் அறிந்த பிற மொழியிலோ இல்லை என்று எழுதிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெய்ஷெய்ரா தெ பஸ்கோயஷ் என்னும் கவிஞர் இதனை ஓர் இயக்கமாகவே ஆக்கி, ஒரு நாட்டின் ஆன்மாவை ஒரு சொல்லில் அடைக்க முயன்றார். அதற்கு மறுப்புப் போலவே 1914இல் வந்தது கரொலீனா மிக்காயெலிஸ் தெ வஷ்கொன்செலுஷ் எழுதிய 'அ சவுதாத் போர்த்துகேசா' என்னும் நூல். பெர்லினில் பிறந்து, போர்த்துக்கீசியரை மணந்து, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணியேற்ற முதற்பெண்மணி அவர். பிற இனத்தார் இவ்வுணர்வை அறியார் என்பது பிழை என அமைதியாகச் சொல்லி, அண்டை மொழிகளின் சொற்களையும் தம் தாய்மொழியாகிய செருமானியத்தின் சொல்லையும் எடுத்துக்காட்டினார். பிறந்த மொழியையும் புகுந்த மொழியையும் ஒருங்கே அறிந்தவருக்குத்தான் அந்தத் துணிவு வரும். உணர்வு எல்லார்க்கும் பொது. அதற்கு ஒரு பெயர் இட்டு எண்ணூறு ஆண்டு பாடிவந்ததே போர்த்துக்கீசியரின் தனிச்சொத்து. அதனைத்தான் வேறு மொழிக்கு மாற்ற முடிவதில்லை.

இதற்கு ஒரு சிறந்த சான்று அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் எழுதிய 'ஒன் ஆர்ட்'. பிஷப் 1951இல் பிரேசிலுக்குப் பயணியாகச் சென்றார்; சில நாள் தங்க எண்ணியவர் பல்லாண்டு அங்கேயே வாழ்ந்தார். போர்த்துக்கீசியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு உரைநடையும் கவிதையும் பெயர்த்தார். அங்கு அவர் உடன்வாழ்ந்த லோத்தா தெ மசேதோ சோவாரெஸ் 1967இல் மறைந்தார். 1976இல் வெளியான 'ஒன் ஆர்ட்' இழத்தலைப் பற்றியது. பத்தொன்பது அடிகள், இரண்டே இயைபுகள், இரண்டு அடிகள் மாறி மாறித் திரும்பி வருதல் எனக் கடுமையான கட்டுக்கோப்புடைய 'வில்லனெல்' யாப்பு. பதினேழு வரைவுகள் எழுதித் திருத்திய பின்னரே அதை முடித்தார். இழத்தல் ஒரு கலை, பழகினால் வந்துவிடும் என்று விளையாட்டுப் போல் தொடங்குகிறது. முதலில் சாவி தொலைகிறது. பிறகு தாயின் கைக்கடிகாரம், வீடுகள், நகரங்கள், ஆறுகள், ஒரு கண்டம். இறுதியில் ஒரு மனிதர்.

அக்கவிதையில் 'மிஸ்' என்னும் வினை ஒரே ஓரிடத்தில் வருகிறது. நகரங்களையும் கண்டத்தையும் இழந்ததைச் சொன்ன உடனே. ஆங்கிலத்தில் அது மிக மெல்லிய சொல். தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்லத்தக்கது. பெருந்துயரைச் சிறு சொல்லால் மூடுவதே அக்கவிதையின் உத்தியாதலால், அந்த மெலிவு அங்குத் தேவைப்படுகிறது.

இதனைப் பிரேசில் போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தவர் பவுலு என்றிகெஸ் பிரித்து. பிஷப் பிரேசிலுக்கு வந்த அதே 1951இல் ரியோ தெ ஜனேரோவில் பிறந்த கவிஞர். அவருடைய பிஷப் பெயர்ப்புகளின் தொகுதி ஒன்று 2001இல் வெளிவந்தது. அவர் முன்னிருந்த முதற்சிக்கல் இயைபு. ஆங்கிலத்தில் 'மாஸ்டர்', 'டிசாஸ்டர்' என்னும் இரு சொற்களின்மேல் கவிதை முழுதும் நிற்கிறது: ஒன்று வயப்படுத்துதல், மற்றொன்று பேரழிவு. போர்த்துக்கீசியத்தில் இவ்விரண்டும் இயைவதில்லை. பிரித்து 'மிஸ்தேரியு', 'சேரியு' என்னும் இணையைத் தேர்ந்தார். மறைபொருள், கடுமையானது என்பன அவற்றின் பொருள். இழத்தல் ஒன்றும் மறைபொருளன்று, அது அப்படியொன்றும் பெரிதன்று என்று கவிதையின் சுருதி மாறுகிறது. பேரழிவு என்னும் சொல்லில் சென்று முட்டி நிற்கும் மூலத்தின் முடிவு பெயர்ப்பில் மெத்தென்று இறங்குவது உண்மையே. குறை என்பாரும் இருக்கலாம். ஆயினும் யாப்பைக் கைவிட்டிருந்தால் இழப்பு இதனினும் பெரிதாயிருக்கும். துயரைக் கட்டிவைத்திருப்பதே அந்த யாப்புத்தான்.

'மிஸ்' வரும் இடத்தில் பிரித்து என் செய்தார்? வறண்ட வழியில் இன்மையை உணர்கிறேன் என்று எழுதியிருக்கலாம். அது மூலத்தின் மெலிவுக்கு நெருங்கி இருந்திருக்கும். அவர் எடுத்தது சவுதாத். தோளைக் குலுக்கிச் சொன்ன சொல்லின் இடத்தில் தினிஸ் மன்னர் காலம் முதல் பாடப்பட்டுவந்த சொல் வந்து அமர்கிறது. மூலத்தைவிடப் பெயர்ப்பு இங்கே மனம் திறந்து பேசிவிடுகிறது. அளவு மீறியது என்று இதனைத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளுமுன் ஒன்றை நோக்க வேண்டும். அந்த அடியில் இழக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கண்டம் தென் அமெரிக்கா என்றே வாசகர் பலர் கொள்வர். அம்மண்ணில் பிஷப் நாள்தோறும் காதால் கேட்ட சொல் சவுதாத். ஆங்கிலத்தில் எழுதியபோது அவர் வாய்விட்டுச் சொல்லாத சொல்லை, இழந்த நாட்டின் மொழியே அவருக்காகச் சொல்லுகிறது. மூலத்தில் இல்லாத ஒன்று பெயர்ப்பில் கிடைக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று.

இன்னொரு நயமும் உண்டு. பெர்தெர் என்னும் வினை இழத்தலுக்கும் தவறவிடுதலுக்கும் பொதுவாதலால், போர்த்துக்கீசிய வாசகருக்கு அக்கவிதை முழுதும் தொடர்வண்டியைத் தவறவிட்டவரின் படபடப்பும் உள்ளூர ஒலித்துக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் 'மிஸ்' பிரிவையும் தவறுதலையும் இணைக்கிறது. போர்த்துக்கீசியத்தில் பெர்தெர் இழப்பையும் தவறுதலையும் இணைக்கிறது. முடிச்சு இடம் மாறியிருக்கிறது.

எதிர்த்திசையில் நிகழ்ந்ததற்கு ஒரு சான்று: தோம் ஜோபின் இசையமைக்க, வினீசியுஸ் தெ மொராயிஸ் எழுதி, ஜோவாவ் ஜில்பெர்த்து 1958இல் பாடிய பாடலின் பெயர் 'ஷேகா தெ சவுதாத்'; சவுதாத் போதும் என்பது பொருள். ஆங்கிலத்தில் அது 'நோ மோர் புளூஸ்' ஆயிற்று. 'மிஸ்' என்பதைப் பெயர்ச்சொல்லாக்க வழியில்லாமல், கறுப்பின மக்களின் துயரப் பாடல் மரபிலிருந்து ஒரு சொல்லை இரவல் வாங்கினார்கள். பாட்டுக்கு அது பொருந்தியது, பொருளுக்கு அரைகுறைதான். புளூஸ் துயரத்துக்கு எதிரே ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சவுதாதுக்கு எதிரே எப்போதும் யாரோ, ஏதோ இருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இம்மொழிக்கும் உள்ள பழைய உறவை இங்கே நினைவுகூரலாம். சாவி, சன்னல், அலமாரி, மேசை, பாதிரி ஆகியன போர்த்துக்கீசியர் தந்தவை. அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தனிநாயக அடிகளார் அதனைத் தேடிக் கண்டு 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். வீட்டுப் பொருள்களின் பெயர்களெல்லாம் கரையிறங்கின. சவுதாத் மட்டும் இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவையும் இல்லாதிருந்தது. பாலையும் நெய்தலும் உடைய மொழிக்குப் பிரிவைக் குறிக்கச் சொல் இறக்குமதி வேண்டா.

எஞ்சியிருப்பது காணாமற் போதல். ஆங்கிலத்தில் ஒருவர் காணாமற் போனார் என்பதற்கும், அவர் பிரிவை உணர்கிறோம் என்பதற்கும் 'மிஸ்' என்னும் ஒரே வேர். ஆகவே ஆங்கிலத்தில் காணாமற் போனவரைப் பற்றிப் பேசும்போதே ஏக்கமும் உடன்வருகிறது. போர்த்துக்கீசியத்தில் அத்துணை இல்லை. தெசாபரெசீதோ என்பது மறைந்தவர் என்னும் வறண்ட அறிவிப்பு.

அம்மொழியின் வரலாற்றில் புகழ்பெற்ற முதல் 'மறைந்தவர்' செபஸ்தியாவ் மன்னர். 1578 ஆகஸ்ட் 4ஆம் நாள் மொராக்கோவின் அல்காசர்கிபிர் போர்க்களத்தில் அவர் வீழ்ந்தார். அவர் இறந்ததை மக்கள் நம்பவில்லை. பனிமூட்டத்தில் ஒருநாள் திரும்புவார் என்று நூற்றாண்டுக் கணக்கில் காத்திருந்தனர். 1580இல் நாடே ஸ்பெயின் மன்னரிடம் சென்றது. அவர் உடல் என்று கொண்டுவரப்பட்டதை லிஸ்பனில் அடக்கியபோதும், கல்லறை வாசகத்தில் 'செய்தி மெய்யாயின்' என்னும் ஐயத்தைச் சேர்த்தே பொறித்தனர். அந்த 1578இன் அக்டோபரில்தான் கொல்லத்தில் அண்டிரிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது என்பது ஒரு தற்செயல்.

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை நடந்த படையாட்சியில் இச்சொல்லுக்குக் கொடிய பொருள் ஏறிற்று. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவா 1971 சனவரி 20ஆம் நாள் ரியோவில் தம் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. மனைவி யூனிசி பைவா ஐந்து மக்களோடு நின்றார். கணவர் இறந்தவரும் அல்லர், உயிரோடிருப்பவரும் அல்லர், தெசாபரெசீதோ. அந்தச் சொல் மட்டும் இருந்தால் மனைவி கைம்பெண்ணும் ஆவதில்லை, சொத்துக்கு உரியவரும் ஆவதில்லை. யூனிசி சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1995 திசம்பரில் வந்த 9140ஆம் எண் சட்டம், அரசியல் காரணத்தால் மறைந்தோர் 136 பேரின் பெயர்களைப் பட்டியலிட்டு அவர்களை இறந்தோராக ஏற்றது. 1996இல் இறப்புச் சான்றிதழ் யூனிசியின் கைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சொல் மாறியது. அது அரசின் வன்செயலால் நேர்ந்த சாவு என்று சான்றிதழைத் திருத்த 2025 சனவரி வரை ஆயிற்று. யூனிசி 2018இலேயே காலமாகிவிட்டார். மகன் மர்செலு 2015இல் எழுதிய நூலும், அதை வைத்து வால்தெர் சாலிஸ் 2024இல் எடுத்த திரைப்படமும் 'இன்னும் இங்கேயே இருக்கிறேன்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டவை. அதில் மறைவும் இல்லை, ஏக்கமும் இல்லை. இருத்தலைச் சொல்லும் வினை மட்டுமே உண்டு.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்பவருக்கு 'மிஸ்' என்னும் வேர் இருபொருளிலும் உதவும். ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கீசியத்துக்கு மீண்டும் கொண்டுவருபவர் ஒவ்வோரிடத்திலும் நின்று முடிவு செய்தாக வேண்டும்: இங்கே பேசுவது பதிவேடா, மனைவியா? பதிவேடாயின் தெசாபரெசீதோ. மனைவியாயின் சவுதாத். இரண்டும் ஒரே மூச்சில் கூடியிருக்கும் வாக்கியமாயின் ஒன்றை விட்டே ஆக வேண்டும்.

போர்த்துகலிலும் பிரேசிலிலும் கல்லறைகளில் 'எத்தெர்னா சவுதாத்' என்று பொறிப்பது வழக்கம். நிலையான சவுதாத் என்பது பொருள். ஆங்கிலேயர் கல்லறைகளில் அவ்விடத்தில் 'மிஸ்' என்னும் வினையின் செயப்பாட்டு வடிவம் நிற்கும். மொழிபெயர்ப்பாளருக்குச் சற்றும் ஐயமின்றி ஒன்றுக்கு ஒன்று ஈடாகும் இடம் அது ஒன்றே. ரூபென்ஸ் பைவாவின் உடல் கிடைக்கவேயில்லை. அச்சொல்லைப் பொறிக்க அவருக்குக் கல்லறையும் இல்லை.